மூன்றாவது வரியில் என் முகம்

அன்பு மகளே,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நீ சென்ட்ரலில் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போகிறாய். மீன்வளப் படிப்பு, இரண்டு வருஷம். ஹாஸ்டலில் உனக்கு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, மேலே தண்ணீர் ஏறாத நாளில் கீழே பிடித்துப் பக்கெட்டில் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் கண் முன்னால் ஒரு பக்கெட் நிற்கிறது. காய் நறுக்கும்போது பக்கெட், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் பக்கெட். உன் அப்பாவிடம் சொன்னால், "அவ தூக்க வேண்டியதை அவ தூக்குவா. நீ ஏன் இப்பவே மனசுல தூக்கிட்டுத் திரியற?" என்கிறார். சொல்வது அவருக்குச் சுலபம். உன் முதுகு பிடித்துக்கொண்ட அன்றைக்கு அவர் வீட்டில் இல்லை.

நேரே சொல்லாமல் ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று கேட்பாய். நேரே உட்கார்ந்து பேசினால் நடுவில் என் கண் உன் முதுகுக்குப் போய்விடும். நீ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாயா, சாய்ந்திருக்கிறாயா என்று பார்க்க ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையில் தினமும் என்னைப் போன்ற அம்மாக்களும் அப்பாக்களும் காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தபடி நான் அந்த முகங்களைப் பார்க்கிறேன். எழுந்து போய் அவர்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதினால் அவர்களும் படிக்கட்டும் என்று நினைத்தேன்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. நீ அப்போது பிளஸ் டூ. மயிலாப்பூரில் நம் வீடு இரண்டாவது மாடி, அங்கேயும் லிப்ட் கிடையாது. தண்ணீர் கேன் போடுகிறவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "யக்கா, முட்டி புடிச்சிக்கினு கீது, இன்னிக்கு மேல ஏற முடியாது. கேனை இங்கியே வச்சிட்டுப் போறேன்." எனக்கு அடுப்பில் வேலை. நீ காலையிலிருந்து புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "நாள் பூரா உக்காந்தே இருக்க. கீழ கேன் இருக்கு, போய்த் தூக்கிட்டு வா" என்றேன். அன்பாகச் சொல்லவில்லை, எரிச்சலாகத்தான் சொன்னேன். நீ இறங்கிப் போனாய். முதல் மாடித் திருப்பத்தில் கேன் படியில் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் உன் குரல். "அம்மா" என்று ஒரே ஒரு தடவை. மறுநாள் காலை உன்னால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. அந்தச் சத்தமும் அந்த ஒரு வார்த்தையும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உன் முதுகை நான்தான் உடைத்தேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். நான் அதற்கப்புறம் செய்த எல்லாமே அந்த முடிவிலிருந்து வந்தவைதான்.

லஸ் பக்கம் நாம் போய்ப் பார்த்த டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், மரத்துப்போகிறதா என்று கேட்டார், குதிகாலில் நடக்கச் சொன்னார். தசைப்பிடிப்புதான், சில வாரத்தில் சரியாகும், ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றார். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பாள். நான் இருபது வருஷம் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்தவள். படம் எடுக்காமல் ஒருவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. அந்த வாரமே, வேலை செய்கிற இடத்துச் சலுகையில், உன்னைக் கொண்டுபோய் அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்தேன். எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்து மைக்கில் சொல்லுவார், நாங்கள் ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்போம். உன்னுடையதைப் பக்கத்து சீட் பெண் அடிக்கிறேன் என்றாள். நான் விடவில்லை. டாக்டரின் குரலில் உன் பெயரைக் கேட்டதும் என் விரல் நின்றுபோயிற்று. கீழ் முதுகில் நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவே லேசான டிஸ்க் பல்ஜ், அதாவது இடையிலிருக்கும் சவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்றார். 'லேசான' என்பதை டைப் அடித்தேன், காதில் வாங்கவில்லை. பல்ஜ் என்பது மட்டும் உள்ளே போயிற்று. வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து, ஏதோ தீர்ப்பு வாசிப்பதுபோல, அதை உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ பதினேழு வயசுப் பெண். "அப்போ இனிமே எப்பவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டாய். நான் அழுதேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அழுதேன்.

அதற்கப்புறம் நம் வீட்டில் குனிவது குற்றமாகிவிட்டது. துடைப்பத்தை உன் கண்ணில் படாமல் வைத்தேன். இடுப்பு பெல்ட் இல்லாமல் உன்னை வாசல் தாண்ட விட்டதில்லை. கபாலி கோவிலில் நீ விழுந்து கும்பிடப் போனபோது தோளைப் பிடித்து நிறுத்தினேன், சாமி கோவித்துக்கொள்ளாது என்றேன். காலேஜில் சேர்ந்ததும் விளையாட்டு வேண்டாம், லேப் ஸ்டூல் வேண்டாம் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் கொடுத்தேன். ரிப்போர்ட்டை லேமினேட் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். தி.நகரில் உன் அத்தை மகன் கல்யாணத்தில் உன்னை எல்லோருக்கும் எப்படி அறிமுகம் செய்தேன் தெரியுமா? "இவ என் பொண்ணு, இவளுக்கு டிஸ்க்." உன் பெயரைச் சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. நீ கீழே விழுந்த பேனாவைக் கால் விரலால் எடுக்கக் கற்றுக்கொண்டாய். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நான் சமர்த்து என்று மெச்சினேன். ஆனால் வலி குறையவில்லை. முதலில் தூக்கினால் வலித்தது, பிறகு உட்கார்ந்தால் வலித்தது, பிறகு உட்காரப்போகிறோம் என்று நினைத்தாலே வலித்தது. கோட்டூர்புரம் நூலகத்தில் சுவரோரம் நின்றுகொண்டே பரீட்சைக்குப் படித்தாய். நான் இன்னும் கவனமாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

போன வருஷம் உங்கள் காலேஜில், நாள்பட்ட முதுகு வலி இருக்கும் மாணவர்களுக்கென்று ஆறு வாரம் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். வலி என்றால் என்ன, அது ஏன் போகாமல் நிற்கிறது என்று சொல்லித் தருகிற வகுப்பு. நீ எனக்குத் தெரியாமல் சேர்ந்தாய். உன் பையைத் தூக்க வந்த நான்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடப் பக்கம் 'பயம் தருபவை', வலப் பக்கம் 'தைரியம் தருபவை' என்று எழுதியிருந்தாய். பயத்தில் முதல் வரி, நீண்ட வகுப்புகள். இரண்டாவது, ஸ்கேன் ரிப்போர்ட். மூன்றாவது, அம்மாவின் முகம்.

நான் அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வலப் பக்கத்தில் 'ஸ்டெல்லா வீட்டில் மீன் கூடை தூக்கியது' என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சண்டைக்கு வந்தேன், மூன்றாவது வரியைப் பற்றிக் கேட்கத் தைரியம் இல்லாமல். "எனக்குத் தெரியாம கூடை தூக்கினியா? பட்டினப்பாக்கத்துல ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய் மீன் கூடையா?" என்றேன். நீ அமைதியாகச் சொன்னாய், "ஸ்டெல்லாவோட அம்மா தலையில இருந்து எறக்கிவிடச் சொன்னாங்க. எனக்கு முதுகு சரியில்லன்னு சொன்னேன். 'மெதுவாப் புடி கண்ணு, நீ இன்னா கண்ணாடியா ஒடஞ்சிப் போறதுக்கு'ன்னாங்க. புடிச்சேன். வலிச்சுது. ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா இருந்துது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் தாங்கித் தாங்கிப் பார்த்தவள் பயப் பக்கத்தில், ஒரு நாள் கூடையைக் கையில் கொடுத்தவள் தைரியப் பக்கத்தில். நான் அன்றைக்கு உன்னை என்னென்னவோ திட்டினேன். நன்றி கெட்டவள் என்றேன். அதற்கு இங்கே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கடைசி வகுப்புக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்றார்கள். நான் லேமினேட் ரிப்போர்ட்டோடு வந்தேன், உனக்கு நினைவிருக்கும். அடையாறில் அந்தச் சின்ன வகுப்பறை, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பிசியோதெரபி டீச்சருக்கு உன்னைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். வலி பொய் இல்லை, மனப்பிரமை இல்லை, நிஜமாகவே வலிக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். அதனால் கொஞ்சம் காது கொடுத்தேன். "தெருவில நிக்கிற சில காரைப் பாத்திருப்பீங்க. திருடன் வந்தாலும் கத்தும், பூனை ஏறினாலும் அதே கத்துதான் கத்தும். கார்ல ஒண்ணும் ஆகியிருக்காது, அலாரம்தான் ரொம்ப உஷாரா இருக்கு. ரொம்ப நாள் வலிச்ச முதுகும் அப்படித்தான். நாம பயந்து பயந்து அசையாம இருந்தா அது இன்னும் உஷாராகும். கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு, ஒண்ணும் ஆகலைன்னு அதுக்குக் காட்டணும்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "நீங்க சொல்றது சரிம்மா, ஆனா இவளுக்கு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு" என்று நீட்டினேன். அவள் வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நீங்கதான் ரிப்போர்ட் டைப் பண்றவங்களா? இந்த வரிய எத்தனை பேருக்கு அடிச்சிருப்பீங்க? வலியே இல்லாதவங்களப் படம் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இது வரும்மா. முடி நரைக்கிற மாதிரி. சின்ன வயசுலயும் சில பேருக்கு நரைக்குதில்ல?" என்று கேட்டாள். கேன் விஷயத்தையும் நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். "அன்னிக்குப் பிடிச்சது அப்பவே ஆறியிருக்கும்மா. கேன் ஒண்ணும் பண்ணல" என்றாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் உட்கார்ந்துவிட்டேன். வீடு வரும்வரை நாம் பேசவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைத்தாய். நான் பயந்துபோயிருந்தேன். ஏனென்றால் அவள் கேட்டபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. இதைத்தான் இத்தனை மாதமாக உன்னிடம் சொல்லவில்லை.

உன் முதுகு வலிக்கு முன்பே, எங்கள் சென்டருக்குப் புது மிஷின் வந்த சமயம், சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று எங்களில் இரண்டு மூன்று பேரைப் படுக்கவைத்து எடுத்தார்கள். நானும் படுத்தேன். முதுகைத்தான் எடுத்தார்கள். டாக்டர் விளையாட்டாக எனக்கும் ஒரு ரிப்போர்ட் சொன்னார், நானே டைப் அடித்தேன். அடித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். டாக்டர், "வயசாகுதும்மா, எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார். அதோடு மறந்துபோனேன். உன் வகுப்புக்கு மறுநாள் பழைய ஃபைல்களில் என் பெயரைத் தேடினேன். இருந்தது. உனக்கு ஒரு இடத்தில், எனக்கு இரண்டு இடத்தில். உனக்கு லேசாக, எனக்கு மிதமாக. நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றுகூட ஒரு வரி. இந்த முதுகோடுதான் நான் நாலு வருஷமாகக் கீழே போய்த் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், மளிகைப் பையைத் தூக்குகிறேன், உன் புத்தகப் பையையும் சேர்த்துத் தூக்கினேன். ஒரு நாள்கூட வலித்ததில்லை. ஏனென்றால் என் ரிப்போர்ட்டை யாரும் என் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டே எனக்குப் படித்துக் காட்டவில்லை.

அன்றைக்கே ஓடிவந்து உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நீ துணிந்து எதையாவது தூக்கிவிடுவாயோ என்று பயம். அது பாதிதான். மீதிப் பயம் கேவலமானது. அந்தக் காகிதம் அவ்வளவு பெரிய விஷயமில்லை என்றால், நீ ஓடாத மூன்று வருஷம், கடலில் கால் நனைக்காத மூன்று வருஷம், யார் கணக்கு? உன் முதுகில் இருப்பதாக நான் காட்டிக்கொண்டிருந்தது பாதி என் பயம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே. வலிக்கு நான் மட்டும்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. அப்படி எந்த அம்மாவும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று உன் டீச்சரே சொன்னாள். ஆனால் நீ எழுந்திருக்கும் முன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாய். அங்கே என்ன இருந்ததோ, அதை உன் முதுகு நம்பியது. இந்தக் கடிதத்தோடு என் ரிப்போர்ட்டின் நகலையும் வைக்கிறேன். உன்னுடையதைப் பக்கத்தில் வைத்து, பெயரையும் வயசையும் கையால் மூடிக்கொண்டு படித்துப் பார். இதில் யார் மூன்று வருஷம் குனியாமல் இருந்தவள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வகுப்புக்கப்புறம் நீ செய்ததையெல்லாம் நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். முதலில் காலி பக்கெட், பிறகு கால் பக்கெட், பிறகு அரை. லஸ்ஸிலிருந்து சாந்தோம் வரை நடந்தாய், பிறகு பெசன்ட் நகர் மணலில் ஸ்டெல்லாவோடு ஓடினாய். ஜனவரியில் ஒரு வாரம் வலி திரும்ப வந்தது. நான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, "வலிக்குதும்மா. ஆனா ஒண்ணும் உடையல. நாளைக்குக் கொஞ்சம் கம்மியா நடக்கறேன், அவ்வளவுதான்" என்றாய். அந்தப் பெல்ட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, பீரோவில் இருக்கிறது. நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கால் மரத்துப்போனால், கால் பலம் குறைந்தால், சிறுநீர் போவதில் சிக்கல் வந்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால் உடனே டாக்டரிடம் போ. அது டீச்சர் கொடுத்த பட்டியல், அது போதும். என்னிடம் இருந்த மீதிப் பட்டியலை நான் கிழித்துவிட்டேன். மனப்பாடமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

இப்போது இன்றைக்குக் காலை. நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். கேன் வந்தது. இப்போது வருகிறவர் வேறு ஆள், அவரும் கீழேயே வைத்துவிட்டுப் போகிறவர்தான். நாலு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டதும் நான்தான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவேன், நீ ஓடிவிடுவாயோ என்று. இன்றைக்கும் வாசல் வரை போனேன். நின்றேன். உன் பக்கம் திரும்பாமலே சொன்னேன், "கீழ கேன் இருக்கு, போய்த் தூக்கிட்டு வா." அதே வார்த்தைகள். வேறு எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. நீ கையில் இருந்த துணியைப் பெட்டியில் வைத்தாய். எழுந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனாய். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. கேனைத் தரையில் வைக்கும் சத்தம், நீ கை மாற்றிப் பிடிக்கும் சத்தம், மறுபடியும் படி. நீ மேலே வந்து கேனை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தாய், கையைச் சுடிதாரில் துடைத்தாய், அப்புறம்தான் என்னைப் பார்த்தாய்.

"ஏம்மா, உனக்கு எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டாய்.

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பயம் போகாமலே, கையை மட்டும் எடுத்துவிட்ட,
உன் அம்மா